கம்பெனி காரில் அப்பா ஏறுவதற்கு முன்

மகனே,

ஞாயிற்றுக்கிழமை நீ கோபித்துக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போனதிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. உலை வைத்துவிட்டு வாசலுக்கு வருகிறேன். வாசலில் என்ன வேலை என்று தெரியாமல் மறுபடி உள்ளே போகிறேன். சோறு அடிப்பிடித்துவிட்டது. அதை உன் அப்பா ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு எழுந்து போனார். அவர் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நாகப்பட்டினத்தில் பாதிரிமார் பள்ளியில் படித்த எழுத்து இது. மலாயாவுக்குக் கப்பல் ஏறும்போது நான் கொண்டுவந்த சொத்து இது ஒன்றுதான். கோழி கிளறியது போல இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் பாதியில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிடாதே. உன் குணம் எனக்குத் தெரியும். பிடிக்காத பேச்சு வந்தால் "அப்புறம் பாத்துக்கலாம்மா" என்று எழுந்துவிடுவாய். இதற்கு அப்புறம் கிடையாது. வருகிற வெள்ளிக்கிழமை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் உன் அப்பாவின் கண்ணில் விழுந்திருக்கும் பூவை எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள். நீ காரில் வந்து அழைத்துப் போவதாகச் சொன்னாய். அவர் அந்தக் காரில் ஏற மாட்டேன் என்கிறார். ஏறாவிட்டால் கண் போகும். அதுதான் விஷயம்.

அந்தக் கார் முதன்முதலில் இந்தத் தோட்டத்துக்குள் வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். ரப்பர் தோட்டங்களுக்கு மெஷினும் பால் உறைய வைக்கிற ஆசிட்டும் விற்கிற கம்பெனி, எங்கள் பிள்ளையை நம்பி ஒரு காரையே கொடுத்திருக்கிறது என்று நான் லயம் முழுக்க வீடு வீடாகச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. நீ அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து அந்தக் காரின் சட்டதிட்டங்களை எல்லாம் விளக்கினாய். "கம்பெனி வேலைக்கு ஓட்டுனா கம்பெனி செலவுப்பா. சொந்தக் காரியத்துக்கு எடுத்தா அதுவும் சம்பளம் குடுத்த மாதிரி. திங்கக்கெழம ஆபீஸ்ல போய், எங்க போனேன், யாரப் பாக்கப் போனேன்னு சொல்லணும். அதுக்குத் தக்கன சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க. வரி கிரின்னு வந்தா அதுக்கும் அதச் சேத்துத்தான் கணக்குப் பாப்பாங்க." அப்பா ரொம்ப யோசித்துவிட்டு, "சாயங்காலம் ஈப்போ ஆபீஸ்ல இருந்து சிலிபின்ல ஒன் ரூமுக்குப் போறியே, அது கம்பெனி வேலையா, சொந்தமா?" என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "அதுலதான் கணக்கு எழுதுற ஆபீஸ் கிராணிக்கும் எனக்கும் தகராறு. வண்டியப் பத்திரமா நிப்பாட்டத்தானே கொண்டு போறேன்னு நான் சொல்றேன். வீட்டுக்குப் போறது சொந்தக் காரியந்தான்னு அவரு சொல்றாரு" என்றாய். மனுஷன் ராத்திரி வீட்டுக்குப் போய்ப் படுப்பதைக்கூடச் சம்பளத்தில் சேர்க்கிற உலகமாக இருக்கிறதே என்று நான் கேலி செய்தேன். அவர் கேலி செய்யவில்லை. அது சரியான கேள்விதான் என்று தலையாட்டினார்.

அப்படிப்பட்டவரிடம் போய் நீ ஞாயிற்றுக்கிழமை என்ன பேசினாய்? "வெள்ளிக்கெழம காலையில வாரேன், ரெடியா இருங்க" என்றாய். "ஆபீஸ்ல சொல்லிட்டியா?" என்று கேட்டார். "எதுக்குச் சொல்லணும்? தோட்டத்துக்கு வந்தேன், கிராணியப் பாத்தேன், ஆர்டர் கேட்டேன்னு சொல்லிக்குவேன். வர்ற வழியில நீங்க ஏறிக்கிறீங்க. அவ்வளவுதான் லா." அப்பா உன் முகம் இருக்கும் பக்கமாகத் திரும்பி, "அப்ப நான் யாரு, ஆர்டரா?" என்றார். நீ சிரித்தாய். அவர் சிரிக்கவில்லை. "ஒன் ஆபீஸ் தொரைகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வா. எங்க அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், வண்டி வேணும்னு கேளு. கேட்டுட்டு வந்தா ஏறுறேன்." உனக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒங்களுக்குக் கண்ணு வேணுமா, சட்டம் வேணுமா?" என்று கத்திவிட்டுப் போனாய். காரை நீ கிளப்பிய வேகத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் எல்லாம் ரப்பர் மரங்களுக்குள் ஓடின. சாயங்காலம்வரை அவற்றைத் தேடிப் பிடித்தது நான்தான்.

உன் அப்பாவுக்குச் சட்டத்தின் மேல் ஒரு காதலும் கிடையாது. அவர் தோட்டத்து லாரி ஓட்டிய காலத்தில் நடந்ததை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். அப்போது நீ ஈப்போவில் பாதிரியார் பள்ளிக்கூட விடுதியில் இருந்தாய். நான் முழுசாகச் சொல்கிறேன்.

மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவருக்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையே லாரி ஓட்டப் பழக்கிக் கொடுத்தார். ரப்பர் ஷீட்டை ஏற்றிக்கொண்டு ஈப்போ ரயில் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, அரிசி மூட்டையோடு திரும்பி வருவார். அப்போது நம் லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. என்னை லாரியில் ஏற்றிக்கொள் என்று யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கேட்டால் அவர் மறுக்க வேண்டிவரும், மறுத்தால் அப்புறம் முகத்தில் விழிக்க முடியாது. அதனால் டவுனுக்குப் போக வேண்டியவர்கள் மூட்டையோடு ரோட்டோரம் வந்து நின்று, லாரி வரும் பக்கம் பார்க்காமல் எதிர்ப்பக்கத்து மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏதோ அந்த மரத்தை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பது போல! இவர் நிறுத்துவார். அவர்கள் ஏறிக்கொள்வார்கள். இறங்கிப் போன பிறகு பார்த்தால் சீட்டில் ஒரு முருங்கைக்கீரைக் கட்டு இருக்கும், இல்லாவிட்டால் மரவள்ளிக்கிழங்கோ முட்டையோ இருக்கும். யாரும் கொடுத்ததாகவும் இல்லை, இவர் வாங்கியதாகவும் இல்லை. எனக்குக் காய்கறிச் செலவே இருந்ததில்லை என்று வைத்துக்கொள்ளேன்.

ஒரு நாள் கோப்பெங் தாண்டி, வண்டிகளைச் சோதிக்கிற உத்தியோகஸ்தர் ஒருவர் ஆள்படையோடு நின்று லாரியை நிறுத்தினார். மேலே ஷீட்டு மூட்டைகளுக்கு நடுவில் மூக்காயி உட்கார்ந்திருந்தாள். எட்டாம் நம்பர் வீட்டு மூக்காயிதான். மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதென்று பார்க்கப் போனாள். அந்த லாரிக்குச் சர்க்காரில் கட்டியிருந்த வரி தோட்டத்துச் சரக்கை ஏற்றுவதற்கு மட்டும்தான். கூலி வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றினால் அது வாடகை வண்டி, அதற்கு வரி வேறு. உத்தியோகஸ்தருக்குத் துணையாக வந்த தமிழ்ப் போலீஸ்காரருக்கு நல்ல மனசு. இவளைக் காப்பாற்றிவிடலாம் என்றுதான், "ஏம்மா, சும்மாதானே ஏறி வந்த?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். நம் ஜனம் அதைச் சொல்லுமா? சும்மா ஏறினேன் என்று ஒத்துக்கொள்வதைவிட உயிரை விடுவார்கள். "சும்மா ஏறுறதுக்கு நான் என்ன பிச்சக்காரியா? பூசணிக்காய் குடுத்துட்டுத்தான் ஏறினேன்! கீத்து இல்ல, முழுசு! நம்பலன்னா போய்ப் பாருங்க, டிரைவர் பக்கத்துல இருக்கு!" என்று மூக்காயி எழுந்து நின்று சத்தம் போட்டாள். போய்ப் பார்த்தார்கள். இருந்தது.

ஒரு பூசணிக்காயால் தோட்டத்து லாரி வாடகை வண்டி ஆயிற்று. தோட்டம் அபராதம் கட்டியது. துரை உன் அப்பாவை ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். நான் வெளியே மரத்தடியில் நின்றேன், உள்ளே பேசியது எல்லாம் காதில் விழுந்தது. அவர் கத்தவில்லை. அவருக்குத் தெரிந்த தோட்டத் தமிழில், "நீ என்னைக் கேக்க வேணும். நீ கேட்டா நான் சரி சொல்லும். லைசென்சு மாத்தி எடுக்கும். நீ கேக்க இல்லே. நான் வேற ஆள் வாயில கேக்குது" என்றார். அவ்வளவுதான். லாரிச் சாவி போயிற்று. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற கொட்டகையில் விறகு தள்ளும் வேலை வந்தது. இன்றைக்குக் கண்ணில் பூ விழுந்து கிடக்கிறாரே, அது வயசுக்கு வருவதுதான் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சொல்கிறார். சொல்லட்டும். நான் அந்தப் புகையைத்தான் சொல்வேன். அந்தப் பூசணிக்காயை நான் சமைக்கவில்லை, கங்காணி வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். மூக்காயியிடம் ரொம்ப நாள் பேசவும் இல்லை. அவளோ, தான் செய்தது என்ன தப்பு என்று இன்றுவரை புரியாமல் இருக்கிறாள், பாவம்.

வேலை போனதைவிட அந்தத் துரை சொன்னதுதான் உன் அப்பாவுக்குள் தங்கிவிட்டது. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். இத்தனை வருஷமாக அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார். அவர் உன்னிடம் கேட்பதும் அது ஒன்றுதான். போய்க் கேள், கிடைக்கும் என்கிறார். பிள்ளை துடுக்காகப் பேசுகிறான், இளவட்டம், நாளைக்குச் சரியாகிவிடுவான், துரையிடம் கேட்டுவிட்டுத்தான் வருவான் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். எனக்குத்தான் அந்த நம்பிக்கை இல்லை. ஏன் இல்லை என்பதை எழுதத்தான் காலையிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்கிறேன்.

போன மாதம் சாமான் வாங்கக் கோப்பெங் போனேன். கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் காதர் அண்ணன், உன்னைச் சின்னதிலிருந்து பார்த்தவர், ஏதோ வியாபார விஷயமாக உன் ஆபீசுக்குப் போய் வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் வழக்கமாகப் பேசுகிற மனுஷன் சீனியைக் கட்டிக்கொண்டே தயங்கினார். அப்புறம், "தங்கச்சி, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. ஒங்க மவனப் பத்திப் பேச்சு வந்துச்சு. நல்ல பையன், தகப்பனாரு இந்தியாவுல, ஊர்ல நெலபுலத்தோட இருக்காருன்னு அந்த ஆபீஸ் கிராணி சொன்னாரு. நான் என்னத்தச் சொல்ல? வாய மூடிக்கிட்டு வந்துட்டேன்" என்றார். அன்றைக்குச் சீனியை ஒரு பிடி கூடவே போட்டுக் கட்டினார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஏதோ துக்க வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது போல!

ஊரில் நிலபுலமாம்! உன் அப்பாவுக்கு ஊரில் ஒரு கயிற்றுக்கட்டில்கூடக் கிடையாது. திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தது. காரை ஏன் லயத்துக்கு முன்னால் கொண்டுவராமல் தோட்டத்து ஆபீஸ் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு, அந்தப் பளபளப்பான சப்பாத்தோடு மரங்களுக்கு நடுவே நடந்து வருகிறாய்? கேட்டதற்குச் "சேறும்மா" என்றாய். வெயில் கொளுத்தும் நாளிலும் அதையேதான் சொன்னாய். போன ஞாயிறு மட்டும்தான் உள்ளே கொண்டுவந்தாய், அதுவும் அப்பா ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று நான் கெஞ்சியதால். சம்பளத்தில் பிடிப்பதெல்லாம் உனக்கு ஒரு சுசாவே இல்லை, ஒரு கஷ்டமும் கிடையாது. நான் கேட்காமலே அதைப் போல ரெண்டு மடங்கு எனக்குக் கொடுக்கிறாய். சொந்தக் காரியமாகக் காரை எடுத்தேன் என்று நீ சொன்னால், யாரைப் பார்க்க என்று கேட்பார்கள். அப்பாவை என்று சொன்னால், ஊரில் நிலத்தோடு இருக்கிறவர் இந்தத் தோட்டத்து லயத்துக்கு எப்படி வந்தார் என்று கேட்பார்கள். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ எங்களைக் கம்பெனி வேலை ஆக்கிவிடுகிறாய்.

எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். பொய்யாகிவிடும். கோபம் இருக்கிறது. ஆனாலும் உன் பயம் எனக்குத் தெரியாததா? பெரிய கிராணி வீட்டுப் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தார் வீட்டுப் பிள்ளைகளும் உட்காரும் ஆபீசில் நீ போய் உட்கார்ந்தாய். முதல் நாள் யாரோ, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டிருப்பார்கள். வாயில் வந்ததைச் சொல்லியிருப்பாய். லயத்துப் பையன் என்று தெரிந்தால் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்கிற ஜனங்கள் உண்டு. இந்தத் தோட்டத்திலேயே நம் கிராணி வீட்டு அம்மா எனக்குத் தண்ணீர் கொடுக்கும் சொம்பு வேறு. அந்த வலி உனக்கு வரக் கூடாது என்றுதான் விடுதியில் சேர்த்தோம். வந்துவிட்டது. அதற்கு நீ ஒளிந்துகொண்டாய். எங்களை ஒளித்துவிட்டாய் என்று எழுதத்தான் வந்தேன், கை வரவில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

இத்தனை நாள் இந்தப் பொய் யாரையும் ஒன்றும் செய்யவில்லை, நானும் பேசாமல் இருந்தேன். இப்போது அது உன் அப்பாவின் கண்ணில் வந்து நிற்கிறது. அவர் கேட்பது ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைத்தான் உன்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த மாதம் லூமுட் பக்கம் மாற்றி அனுப்புகிறார்கள் என்கிறாய். அங்கேயும் யாராவது கேட்பார்கள். அங்கே நிலத்தோடு ஒரு வீட்டையும் கட்டுவாயா? நாளைக்கு உனக்குப் பெண் பார்த்துக் கல்யாணம் வைத்தால், ஆபீஸ்காரர்கள் வருவார்களே, மணவறைப் பக்கத்தில் நிற்கும் மனுஷனை யாரென்று சொல்வாய்? இதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் கெட்டுவிட்டது. உன் ஆபீஸ் துரை உன்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவாரோ என்று அதுவும் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை என்று சொல்லிவிட்டு இங்கே வந்தது வெளியே வந்துவிடும். அனுப்பினாலும் அனுப்பட்டும் என்று எழுதிவிடலாம், ஆனால் அந்த வேலைக்காக நாங்கள் பட்டதை நினைத்தால் அப்படி எழுத முடியவில்லை. நீயே போய்ச் சொன்னால் பிடித்தம் செய்துகொண்டு விட்டுவிடுவார் என்றுதான் என் மனசு சொல்கிறது. வேறு ஆள் வாயில் கேட்டால் விடமாட்டார்.

வாடகைக் காரில் போய்விடலாம், கோப்பெங்கில் சொன்னால் வந்து நிற்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "மவன் கார் வச்சிருக்கையில நான் எதுக்கு வாடகக் கார்ல போவணும்?" என்றார். ஏற மாட்டேன் என்கிறவர்தான் சொல்கிறார்! ஞாயிற்றுக்கிழமை நீ உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண் தெரியாததால் கையால் தடவிப் பார்த்தார். மட்கார்டு, விளக்கு, டயர் எல்லாம் பார்த்துவிட்டு, சீட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். "இஞ்சின் சத்தம் சுத்தமா இருக்கு புள்ள. நல்லா வச்சிருக்கான்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அவருக்கு அதில் ஏற எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் கண் கட்டை அவிழ்க்கும்வரை அவருக்குப் பொறுக்காது, அதற்கு முன்பே அதில் ஒரு தரம் உட்கார்ந்து போக வேண்டும். காதர் அண்ணன் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் அவராகக் கேட்டுவிட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் அவர் பக்கத்தில் உட்காராமல் வீட்டுக்குள்ளும் வெளியிலும் அலைகிறேன்.

வியாழக்கிழமைக்குள் நீ உன் துரையிடம் போ. கிராணியிடம் இல்லை, துரையிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே வந்தாய் என்பதையும் சேர்த்துச் சொல். பிடிப்பதைப் பிடித்துக்கொள்ளட்டும். இதை நான் இவ்வளவு அவசரமாக எழுதுவதற்குக் காரணம், இன்று காலையில் நடந்தது. உன் அப்பா முடி வெட்டிக்கொண்டு வந்து, பெட்டியிலிருந்த வெள்ளைக் கோட்டை எடுத்து வெயிலில் போடச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு எதற்குக் கோட்டு என்று கேட்டேன். "ஆஸ்பத்திரிக்கு இல்ல. போற வழியில அவன் ஆபீஸ்ல எறங்கி, வண்டி குடுத்த தொரைக்கு ஒரு சலாம் வச்சிட்டுப் போலாம். அதான் மரியாத" என்றார். டவுன் துரைக்குத் தமிழ் வராதே என்றேன். "அதுக்கென்ன, மலாய்ல சொல்றேன்" என்று சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். கோட்டு இல்லாமலே பித்தான் போடுவது போல நெஞ்சைத் தடவிக்கொண்டு, "துவான், சாயா பாபா டியா" என்றார். ஐயா, நான் அவனுடைய அப்பா. சரியாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன். இதை எழுதும்போதும் உள்ளேயிருந்து அந்தச் சத்தம்தான் கேட்கிறது. ஒரு தரம் மெதுவாகவும் ஒரு தரம் உரக்கவும் சொல்லிப் பார்க்கிறார். வெள்ளிக்கிழமை அவர் அதைச் சொல்லும்போது, அந்த ஆபீசில் யாரும் ஆச்சரியப்படக் கூடாது மகனே.

உன் அம்மா